நான் போட்ட இரண்டு முடிச்சு

போன மாதம் என் மகளின் திருமணப் பதிவு நடந்தது. கோயில் கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. பதிவை முதலில் முடித்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பதிவு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருக்கிறேன். பிறப்பு, இறப்பு, கல்யாணம், ஐ.சி. என்கிற அடையாள அட்டை என்று எத்தனையோ பேருடைய வாழ்க்கை என் மேசையைத் தாண்டிப் போயிருக்கிறது. தாலியை எப்போது வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம், பதிவு முந்திக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லாரும் கேட்டுச் சலித்த பேச்சு.

பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் மகள் பாரத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள்.

"மா, சாட்சி ரெண்டு பேர் வேணும். ஒன்னு நீங்க. இன்னொன்னு மாமா மக போடட்டும்லா. அவளுக்கும் இருபத்தொன்னு ஆயிருச்சு."

மாமா என்று அவள் சொல்வது, நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவரை. அவருடைய ஒரே மகளும் என் மகளும் மூன்று வயது வித்தியாசத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள்.

"அவ போட முடியாது," என்றேன்.

"ஏன்?" என்றவள், பேனாவை நிறுத்திவிட்டு, "ஓ, ஐ.சி. இல்லல்ல," என்றாள். மேற்கொண்டு எழுதத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு ஒரு நிமிடம் மறந்துபோயிருந்தது. எனக்கு அப்படி மறந்த நிமிடம் ஒன்றுகூட மூன்று ஆண்டுகளாக இல்லை.

அந்தப் பெண் பதிவன்று வந்தாள். வெளியே நாற்காலியில் கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அத்தை, சாட்சிக் கையெழுத்தெல்லாம் போடுவீங்களா?"

பக்கத்தில் இருந்தவர்கள் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போது எடுத்த படத்தில் அப்படித்தான் இருக்கிறது.

அண்ணன் எனக்கு ரத்த சொந்தம் இல்லை. ரந்தாவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. அவருக்குப் பதினைந்து வயது ஆவதற்குள் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பெரியவரானதும் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்திருந்த மேடான் பெண் ஒருத்தியைப் பிடித்துப்போய், இவளைத்தான் கட்டுவேன் என்று என் அம்மாவிடம் வந்து நின்றார். அவள் இந்தோனேசியாவில் பிறந்த தமிழ்ப் பெண். எங்கள் வீட்டுக்கு முதல் நாள் வந்தபோது, "எனக்குத் தமிழ் பிசா, ஆனா கொஞ்சம்தான் பிசா," என்றாள். பிசா என்றால் அவர்கள் ஊரில் முடியும் என்று அர்த்தம். என் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வாரமே அவளை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுவார். மற்ற இரண்டையும் அவருடைய உடன்பிறந்தவள் பின்னால் நின்று போட வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். பூசாரி, "யாரும்மா மாப்பிள்ளைக்குத் தங்கச்சி?" என்று கேட்டார். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் அம்மா என் முதுகில் கைவைத்துத் தள்ளினார். இடுப்பில் இருந்த என் இரண்டு வயது மகளை யாரிடமோ கொடுத்துவிட்டு முன்னால் போனேன்.

அண்ணன் முதல் முடிச்சைப் போட்டார். மஞ்சள் கயிறு ஈரமாக இருந்ததால் வழுக்கியது. "இறுக்கிப் போடும்மா," என்றார் பூசாரி. இரண்டு முடிச்சையும் இறுக்கித்தான் போட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் அண்ணனிடம் கேட்டேன். "பதிவு எப்பண்ணே?"

"கோயில் நோட்டுல எழுதியாச்சு பாப்பா. தோட்டமே பாத்துச்சு. அதுக்கு மேல என்னா?"

"கவர்மெண்டுல எழுதணும்ணே. அதுதான் கணக்கு."

"அண்ணிக்கு அவங்க ஊரு லெட்டர் வரணுமாம். வந்ததும் போறேன்லா. நீ அங்கதானே இருக்க, எங்க ஓடிப் போகப்போறேன்?"

எங்கள் ஆட்கள் செய்யும் தப்பு இதுதான். ஊர் பார்த்தால் கல்யாணம் ஆகிவிட்டது என்று நினைப்பார்கள். பதிவு என்பது பிறகு ஒரு நாள் லீவு போட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய் முடிக்கும் சில்லறை வேலை. இது தப்பு என்று அந்தக் கோயிலில் தெரிந்திருந்தவள் நான் ஒருத்திதான். ஒரு தடவை கேட்டேன்; விட்டுவிட்டேன். நல்ல நாளில் எதற்கு என்று நினைத்தேன்.

அண்ணியின் ஊரிலிருந்து அவர் மணமாகாதவர் என்ற கடிதம் வருவதற்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோதுதான் இவர்கள் பதிவு செய்தார்கள். பதிவுக்கு முன் பிறந்த பிள்ளை, காகிதத்தில், கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. அதற்கு அப்பாவின் குடியுரிமை வராது, அம்மாவுடையதுதான் வரும். அம்மாவின் நாட்டிலோ இந்தக் குழந்தையின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

பிறப்புச் சான்றிதழ் எங்கள் அலுவலகத்தில், என் பக்கத்து முகப்பு மேசையில்தான் அச்சானது. குடிமகள் அல்ல என்று அதில் இருந்தது. அண்ணன் அதை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"சிரம்பான் ஆஸ்பத்திரியிலதானே பொறந்துச்சு பாப்பா? ஏன் இப்படிப் போட்டுருக்கு?"

"மனு போடலாம்ணே. சரியாயிரும்," என்றேன். முகப்பில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்லும் அதே குரலில் சொன்னேன்.

இரண்டு முறை மனு போட்டார்கள். இரண்டு முறையும் ஏற்கப்படவில்லை என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. பன்னிரண்டு வயதில் தமிழ்ப்பள்ளியில் கூடப் படித்த பிள்ளைகளெல்லாம் குடிமக்களுக்கான நீல ஐ.சி. எடுத்துப் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டபோது, இவள் அன்று பள்ளிக்குப் போகவில்லை. இடைநிலைப் பள்ளியை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தாள். அரசாங்கக் கல்லூரி எதற்கும் விண்ணப்பம்கூடப் போட முடியவில்லை. ரந்தாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அவளுக்குப் பதினெட்டு வயது ஆனபோது, சிரம்பானில் ஒரு வழக்கறிஞர் இவர்களுக்காகப் பணம் வாங்காமல் வழக்கை எடுத்துக்கொண்டார். சின்ன வயசுப் பெண். பதிவு பின்னால் நடந்தாலும், சடங்கு முறையாக நடந்தது என்று நிரூபித்தால் அந்தக் கல்யாணத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள இடம் இருக்கிறது என்றார். அப்படி ஏற்றுக்கொண்டால் பிள்ளைக்கு அப்பாவின் குடியுரிமை வரும். அதற்குச் சடங்கில் கலந்துகொண்ட சாட்சி வேண்டும்.

பூசாரி இறந்துவிட்டார். தோட்டம் கைமாறி, கோயில் இடம் மாறி, அந்த நோட்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. என் அம்மாவும் இல்லை. பந்தியில் சாப்பிட்ட இரண்டு பெரியவர்களைத் தேடிப் பிடித்தார்கள். எந்த வருஷம் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு படம். அதில் அண்ணியின் குனிந்த கழுத்து, மாலை, கயிறு, அதைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள். கைக்குச் சொந்தக்காரியின் முகத்தை மாலை மறைத்திருந்தது.

வழக்கறிஞரின் அலுவலகம் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், நான். மேசையில் அந்தப் படம்.

"ஆண்ட்டி, நீங்கதான் முக்கியம்," என்றார் வழக்கறிஞர். "நீங்க நின்னீங்க, முடிச்சு போட்டீங்க. அதை ஒரு சத்தியப் பத்திரத்துல சொன்னா போதும்."

நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். அந்தக் கைகளில் இருந்த வளையல்கள் என் கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கிக் கொடுத்தவை.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லம்மா," என்றேன். "கூட்டமா இருந்துச்சு. நான் பின்னால நின்னேன்."

கீழே துணிக்கடையில் யாரோ பேரம் பேசுவது கேட்டது.

"அப்ப இது யாரு கை, அத்தை?" என்றாள் அந்தப் பெண்.

"ஏய், சும்மா இரு," என்றார் அண்ணன். "அத்தை கவர்மெண்டு ஆளு. அவங்களப் போய்ச் சங்கடப்படுத்தாத." பிறகு என்னைப் பார்த்து, "பரவால்ல பாப்பா. உனக்கு வேலைக்கு நேரமாச்சுன்னா நீ போ," என்றார்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவர் எனக்கு வழி விட்டார். நான் அந்த வழியில் இறங்கி வந்துவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எழுதத்தான் இதைத் தொடங்கினேன். எழுதும்போதும் காரணங்கள் ஒழுங்கான உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து நிற்கின்றன. என் அப்பாவுக்கு முக்கால்வாசி வாழ்க்கை, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐ.சி.தான். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, வயதான காலத்தில்தான் அவருக்கு நீலம் கிடைத்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பசாருக்குப் போவார். யாரும் கேட்காமலே எடுத்துக் காட்டுவார். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும். இந்த நாடு போட்ட உப்பு," என்று என்னிடம் சொல்வார். ரப்பர்ப் பால்மரம் வெட்டியவரின் மகளான எனக்குப் பள்ளியில் இரவல் புத்தகம் கொடுத்தது அரசாங்கம். வேலை கொடுத்தது, வீட்டுக் கடன் கொடுத்தது. வேலையில் சேர்ந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போடும் உறுதிமொழியை நான் வெறும் சடங்காக நினைத்ததில்லை. அரசருக்கும் நாட்டுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்பதை மனதாரச் சொன்னேன். இப்போதும் சொல்வேன். அந்த வழக்கில் எதிர்ப்பக்கம் நிற்பது நான் சம்பளம் வாங்கும் இடம். அதற்கு எதிராக எப்படி நிற்பது என்று நினைத்தேன்.

இது உண்மைதான். ஆனால் பாதிதான். மறு பாதி என் மகள். அப்போது அவள் ஆசிரியர் பயிற்சியில் கடைசி ஆண்டு. அரசாங்க வேலைக்குக் காத்திருந்தாள். என் பெயர் தப்பான பக்கத்துக் காகிதத்தில் வந்துவிட்டால் அவளை எங்கே தூக்கிப் போடுவார்களோ, வேலையே வராமல் போய்விடுமோ என்று பயந்தேன். அப்படி யாரும் மிரட்டவில்லை. அப்படி யாருக்காவது நடந்ததாகவும் நான் கேள்விப்படவில்லை. என் பிள்ளைக்கு வரக்கூடும் என்று நானே கற்பனை செய்த கெடுதலுக்காக, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வந்தே விட்ட கெடுதலை இருக்கட்டும் என்று விட்டேன். அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்தது. சடங்கு நடந்ததற்குப் போதிய சாட்சியம் இல்லை. அன்று மத்தியானம் அண்ணி போன் செய்தார்.

"கோர்ட்டுல கல்யாணம் நடந்ததுக்குச் சாட்சி இல்லைன்னுட்டாங்க பாப்பா," என்றார். அவர் தமிழ் இப்போது எங்களைவிட நன்றாக இருக்கிறது. "அப்ப நான் இத்தனை வருஷம் யாரு?"

என்னிடம் பதில் எதிர்பார்த்து அவர் கேட்கவில்லை. பிறகு, மரவள்ளிக் கீரை இடித்து வைத்த குழம்பு இருக்கிறது, மகளிடம் கொடுத்து அனுப்பவா என்றார். அது அவர் ஊர்ச் சமையல். எனக்குப் பிடிக்கும் என்று எப்போதும் கொடுத்து அனுப்புவார். அன்றும் வந்தது. நான் சாப்பிடவில்லை. கொட்டவும் மனம் இல்லாமல் இரண்டு நாள் குளிர்பெட்டியில் வைத்திருந்து பிறகு கொட்டினேன்.

மேல்முறையீடு செய்தார்கள். அது நிலுவையில் இருக்கும்போதே அந்தப் பெண்ணுக்கு இருபத்தொன்று ஆகிவிட்டது. இருபத்தொன்றுக்குள் போட வேண்டிய, பிள்ளைகளுக்கான குடியுரிமை மனுவை இனிப் போட முடியாது. அவளுக்கு மிச்சம் இருப்பது இந்த வழக்கு ஒன்றுதான்.

அந்த நிலையில்தான் என் மகளின் பதிவன்று, கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் அப்படிக் கேட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை என் மேலதிகாரியின் அறைக்குப் போனேன். என்னைவிட இளைய மலாய்ப் பெண். முழுவதையும் சொன்னேன். சொல்லும்போது அவர் கணினியை விட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்போதே ஏன் என்னிடம் வரவில்லை, காக்கா?" என்று கேட்டார். வயதில் மூத்தவள் என்பதால் என்னை அக்கா என்ற பொருளில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

மேசையில் இருந்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"எழுதிக் கொடுங்கள். மேலே அனுப்புகிறேன். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாது."

பதினாறு நாள் கழித்துப் பதில் வந்தது. அலுவலக ஆவணம் எதையும் வெளியிடாத வரை, சொந்த முறையில் சாட்சி சொல்ல ஆட்சேபம் இல்லை. அவ்வளவுதான். ஒரு வரி. நான் அதை நின்றபடியே படித்தேன், மறுபடி படித்தேன். மூன்று ஆண்டுக்கு முன் கேட்டிருந்தால் இதே பதில் வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. வேறு அதிகாரி, வேறு காலம், மறுத்துமிருக்கலாம். மறுத்திருந்தால் மறுத்தது அரசாங்கம் என்று ஆகியிருக்கும். நான் கேட்கவே இல்லை. அதனால் மறுத்தது நான்.

மறுபடி அந்தத் துணிக்கடை மாடிக்குப் போனேன். வழக்கறிஞர் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"இப்பப் புதுச் சாட்சியத்தை ஏத்துக்குவாங்களான்னு கோர்ட்டுதான் சொல்லணும் ஆண்ட்டி," என்றார். "ஏத்துக்காமலும் போகலாம். முதல் கேள்வியே, ஏன் அப்ப சொல்லலன்னுதான் வரும். அதுக்கு இதுல ஒரு பத்தி எழுதியாகணும்."

"வேலை அதிகம், சரியா ஞாபகம் வரலன்னு போடலாமா?" என்றேன். மூன்று ஆண்டு கழித்தும் என் வாயிலிருந்து அதுதான் முதலில் வந்தது.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இது சத்தியம் பண்ற பேப்பர் ஆண்ட்டி."

"ஆமா," என்றேன். "அப்ப இப்படி எழுதுங்க. ஞாபகம் இருந்துச்சு. இல்லைன்னு பொய் சொன்னேன். பயம்."

"யாருக்குப் பயந்தீங்கன்னு கேப்பாங்க."

"யாரும் பயமுறுத்தல. நானா பயந்தேன்."

அவர் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, அன்று பொய் சொன்னவர் இன்று சொல்வதை எப்படி நம்புவது என்று எதிர்ப்பக்கம் கேட்கும், அதற்கும் தயாராக இருங்கள் என்றார். என் மேலதிகாரிகளும் இதைப் படிப்பார்கள் என்றார். தெரியும் என்றேன். என் மகளுக்கு இப்போது வேலை இருக்கிறது, பகாவில் ஒரு தமிழ்ப்பள்ளியில். அதைக் கெடுத்துவிடுவேனோ என்ற பயம் இப்போதும் இருக்கிறது. நேற்றும் அவளுக்கு இரண்டு முறை போன் செய்து, பள்ளியில் யாராவது ஏதாவது கேட்டார்களா என்று விசாரித்தேன். "மா, நீங்க செஞ்சது சரிதான்லா. போன வைங்க," என்றாள். செய்யாமல் விட்டதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பத்திரத்தில் சத்தியம் செய்ய அடுத்த தெருவில் இருந்த சத்தியப் பிரமாண ஆணையாளரிடம் போனேன். இணைப்பாக வைக்க வேண்டிய அந்தக் கல்யாணப் படத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் மகள் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையிலிருந்து நேராக வந்திருந்தாள். ஆணையாளர் வயதான தமிழர். பத்திரத்தைப் புரட்டிக்கொண்டே, எங்கள் இருவரையும் பார்க்காமல் கையை நீட்டினார்.

"ஐ.சி. ரெண்டு பேரும் குடுங்கம்மா."

நான் என் நீல அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன்.

"என்கிட்ட கேக்காதீங்க அங்கிள்," என்றாள் அவள். "நான் சும்மா கூட வந்தேன்."

அவர் என் அட்டையைப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டார். பத்திரத்தில் இருப்பதெல்லாம் உண்மைதானா என்று கேட்டார். உண்மை என்றேன். கையெழுத்துப் போட்டேன். அவர் முத்திரை குத்தினார்.

ரந்தாவ் பஸ்ஸுக்காக நின்றோம். மோட்டார் சைக்கிள் ஓட்ட அவளுக்கு ஆசை. ஐ.சி. இல்லாமல் லைசென்ஸ் எடுக்க முடியாது. இணைப்பில் நகல் போக, அசல் படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"அத்தை, அன்னிக்கு முடிச்சு போட்டப்ப எப்படி இருந்துச்சு?"

"கயிறு ஈரமா இருந்துச்சு. வழுக்குச்சு. பூசாரி இறுக்கிப் போடச் சொன்னாரு. இறுக்கித்தான் போட்டேன்."

"அதை எழுதினீங்களா?"

"எழுதியிருக்கேன். ஆறாவது பத்தியில."

அவள் தலையை ஆட்டினாள். பஸ் வந்தது. கூட்டம் இல்லை. நான் நடுவில் ஒரு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்து இடத்தை விட்டிருந்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய், இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.